ஆன்லைன் கிடங்குக்குப் பார்சல் லாரியில் சரக்கு அனுப்புவது எப்படி?

விரலி மஞ்சளை மூட்டையாகக் கட்டி மண்டிக்கு அனுப்பி வந்த விவசாயிகளில் பலர், இப்போது அதையே அரைத்து, கால் கிலோ, அரை கிலோ பொட்டலமாக்கி ஆன்லைன் மூலம் விற்பனை செய்து வருகிறார்கள். சிறுதானிய மாவு, நாட்டுச் சர்க்கரை, மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, கடலை மிட்டாய் ஆகியவையும் இந்த வழியில் விலை போகின்றன. ஈரோடு மஞ்சளுக்கு 2019-லும் உடன்குடி கருப்பட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. இதன் பிறகு வெளியூர் மக்கள் ஊர்ப் பெயரைச் சொல்லியே இவற்றைக் கேட்டு வாங்குகிறார்கள். இது வரவேற்கத் தக்க மாற்றம்.

ஆனால் பொருளை நன்றாகத் தயாரித்து, நல்ல விலையும் வைத்து, கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுடைய கணக்கைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஓட்டை இருக்கும் இடம் சரக்குப் போக்குவரத்துதான். எனவே, குறைந்த அளவு சரக்கு வைத்திருக்கும் சிறு விவசாயிகள் அதைக் கிடங்கு வரை சிக்கனமாகவும் பத்திரமாகவும் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

ஆன்லைன் விற்பனையில் இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, ஆர்டர் வர வர ஒவ்வொரு பொட்டலத்தையும் நாமே வாங்குபவர் வீட்டுக்கு அனுப்புவது. இரண்டாவது, சரக்கை மொத்தமாக விற்பனை நிறுவனத்தின் கிடங்கில் முன்கூட்டியே இருப்பு வைத்துவிடுவது. பின்னதில், ஆர்டர் வந்ததும் கிடங்கில் உள்ளவர்களே எடுத்துக் கட்டி அனுப்பிவிடுவார்கள். வாங்குபவருக்குப் பொருள் விரைவில் கிடைக்கும். நமக்கும் தினந்தோறும் கூரியர் அலுவலகத்துக்கு அலையும் வேலை மிச்சம். இந்த இரண்டாவது முறைக்குத்தான் பார்சல் லாரி பெரிதும் உதவுகிறது.

பார்சல் லாரி இயங்கும் விதம்

ஒரு லாரி முழுவதையும் ஒருவரே வாடகைக்கு எடுத்தால் அது முழு லோடு. ஒரே லாரியில் பலருடைய சரக்கையும் ஏற்றி, அவரவர் சரக்கின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கினால் அது பார்சல் லோடு. பார்ட் லோடு என்றும் சொல்வதுண்டு. ஊருக்கு ஊர் மினி பஸ்ஸும், பெரிய ஊர்களுக்கு இடையே விரைவுப் பேருந்தும் ஓடுவதைப் போன்றதே இந்த ஏற்பாடு.

நம் ஊரிலிருந்து சரக்கை ஒரு சிறிய வண்டி எடுத்துச் சென்று பார்சல் ஷெட்டில் இறக்கும். அங்கு ஊர் வாரியாகப் பிரித்து அடுக்குவார்கள். ஒரு திசைக்கான சரக்கு சேர்ந்ததும் பெரிய லாரியில் ஏற்றி இரவோடு இரவாக அனுப்புவார்கள். போய்ச் சேரும் ஊரில் உள்ள ஷெட்டில் மீண்டும் இறக்கிப் பிரித்து, இன்னொரு சிறிய வண்டியில் கிடங்குக்குக் கொண்டு செல்வார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை விவசாயிகள் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, முழு லாரியைவிடப் பார்சல் லாரியில் கூடுதல் நாள் ஆகும். அந்தத் திசைக்குச் சரக்கு சேரும் வரை நம் பெட்டி ஷெட்டில் காத்திருக்கும். இரண்டு, நம் பெட்டியைக் குறைந்தது மூன்று முறை ஏற்றி மூன்று முறை இறக்குவார்கள். வழியில் இன்னொரு ஷெட்டில் வண்டி மாறினால் இது நான்காகவும் ஆகும். வீட்டில் வைத்துப் பார்க்கும்போது உறுதியாகத் தோன்றும் பெட்டி, இத்தனை கை மாறியும் தாங்குமா என்று யோசித்தே பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எது மலிவு? ஒரு கணக்கு

கூரியர், பார்சல் லாரி, தனி வண்டி ஆகிய மூன்றில் எது மலிவு என்பது சரக்கின் அளவைப் பொறுத்தது. ஓர் உதாரணம் பார்ப்போம். இதிலுள்ள கட்டணங்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை; அவரவர் ஊரில் விசாரித்து உண்மையான கட்டணத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஈரோடு பக்கத்திலிருந்து சென்னைப் புறநகரில் உள்ள ஒரு கிடங்குக்கு மஞ்சள் தூள் அனுப்ப வேண்டும். கூரியர் கட்டணம் கிலோவுக்கு ரூ.14 என்று வைத்துக்கொள்வோம். பார்சல் லாரியில் கிலோவுக்கு ரூ.5. அதற்கு மேல் ரசீதுக் கட்டணம் ரூ.100, வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல ரூ.400, கிடங்கில் கொண்டு சேர்க்க ரூ.700 என மொத்தம் ரூ.1,200 ஒவ்வொரு முறையும் நிலையான செலவு. ஒன்றரை டன் ஏற்றும் தனி வண்டிக்கு வாடகை ரூ.9,000.

ஒரு விவசாயி தனியாக 50 கிலோ அனுப்பினால், கூரியரில் ரூ.700 ஆகும், கிலோவுக்கு ரூ.14. பார்சல் லாரியில் ரூ.250 கட்டணமும் ரூ.1,200 நிலையான செலவும் சேர்ந்து ரூ.1,450 ஆகிறது; கிலோவுக்கு ரூ.29. ஆக, தனி ஆளாக 50 கிலோ அனுப்புபவருக்குப் பார்சல் லாரி கட்டுப்படியாகாது.

அதே 50 கிலோவைப் பன்னிரண்டு விவசாயிகள் ஒன்றாகச் சேர்த்து 600 கிலோவாக அனுப்பினால், பார்சல் கட்டணம் ரூ.3,000, நிலையான செலவு ரூ.1,200, மொத்தம் ரூ.4,200. கிலோவுக்கு ரூ.7-தான் வருகிறது. கூரியரில் இதற்கு ரூ.8,400 ஆகும். தனி வண்டி வைத்தால் ரூ.9,000 ஆகும்.

இந்தக் கணக்குப்படி சுமார் 135 கிலோ வரை கூரியர் மலிவு. அதற்கு மேல் ஒன்றரை டன் வரை பார்சல் லாரி மலிவு. ஒன்றரை டன்னை நெருங்கினால் தனி வண்டியும் பார்சல் லாரியும் ஏறக்குறைய ஒரே செலவுக்கு வந்துவிடும். அப்போது தனி வண்டியே நல்லது. சரக்கு வழியில் கை மாறாது, நாளும் மிச்சமாகும்.

நிலையான செலவுதான் சிறு விவசாயியைத் தனியே இருக்கும்போது நெருக்குகிறது. பலர் சேரும்போது அதே செலவு பங்காகிக் கரைந்துவிடுகிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இந்த இடத்தில் மிகவும் பயன்படும். 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020-ல் தொடங்கப்பட்டது. அப்படி அமைந்த நிறுவனம் அருகில் இருந்தால், விற்பனைக் கணக்கையும் லாரி புக்கிங்கையும் அதன் பெயரிலேயே வைத்துக்கொள்வது சிறந்தது.

எடைக்குக் கட்டணமா, இடத்துக்குக் கட்டணமா?

பார்சல் லாரியில் கட்டணம் கேட்கும்போது கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. கன அடிக்கு எத்தனை கிலோ போடுவீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

லாரியில் எடை ஒரு பக்கம் இருக்க, இடமும் விலை உள்ள பொருள். பஞ்சு மூட்டை லாரியை நிரப்பிவிடும், ஆனால் எடை இருக்காது. எனவே பெட்டி அடைக்கும் இடத்தைக் கன அடியில் அளந்து, ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று ஓர் எடை கணக்கிடுவார்கள். உண்மை எடை, இட எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். கன அடிக்கு எத்தனை கிலோ என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

கணக்கிடும் முறை எளிது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி 1,728-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள பெட்டி ஒன்றரை கன அடி. கன அடிக்கு 8 கிலோ என்றால் இதன் இட எடை 12 கிலோ.

இந்தப் பெட்டியில் 20 கிலோ மஞ்சள் தூள் இருந்தால் 20 கிலோவுக்குக் கட்டணம். அதே பெட்டியில் 4 கிலோ சோளப் பொரி இருந்தால் 12 கிலோவுக்குக் கட்டணம். அதாவது உள்ளதைப் போல மூன்று மடங்கு. உயரத்தை 9 அங்குலமாகக் குறைத்து, பொட்டலங்களை நெருக்கி அடுக்கினால் இட எடை 9 கிலோவாகக் குறையும். பெட்டிக்கு 3 கிலோ கட்டணம் மிச்சம்.

எனவே பொட்டலத்தின் அளவைத் தீர்மானித்த பிறகு கிடைத்த பெட்டியில் அடைப்பதைவிட, பெட்டிக்குள் இடைவெளியின்றி அடங்கும்படி பொட்டலத்தின் நீள அகலத்தைத் தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பொரி, அவல், அப்பளம் போன்ற இலேசான பண்டங்களுக்கு இது மிகவும் முக்கியம்.

செலவைப் பங்கிடுவதில் நியாயம்

குழுவாக அனுப்பும்போது சச்சரவு வருவது பெரும்பாலும் செலவைப் பங்கிடும் இடத்தில்தான். ஆளுக்குச் சமமாகப் பிரித்தால், 20 கிலோ கொண்டுவந்தவர் 100 கிலோ கொண்டுவந்தவருக்காகவும் செலவழிக்க நேரும். பெட்டிக் கணக்கில் பிரித்தால் சிறிய பெட்டிக்காரர் பாதிக்கப்படுவார். வெறும் எடைக் கணக்கில் பிரித்தால், பொரிப் பெட்டி அடைத்த இடத்துக்கு மஞ்சள்காரர் பணம் கட்ட வேண்டி வரும்.

லாரிக்காரர் எந்த எடைக்குக் கட்டணம் வாங்குகிறாரோ அந்த எடைப்படியே உறுப்பினர்களுக்கும் பிரிப்பதுதான் நியாயம். நிலையான செலவையும் இதே விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். நம் உதாரணத்தில் ரூ.1,200 நிலையான செலவு கிலோவுக்கு ரூ.2 வீதம் அமைகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, எந்த எண் யாருடையது என்பதை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பெட்டி சேதமானாலோ காணாமற் போனாலோ யாருக்கு நஷ்டம் என்பது அப்போது தெளிவாகத் தெரியும். நஷ்டத்தை எல்லோரும் பங்கிடுவதா, உரியவரே ஏற்பதா என்பதை முதல் லோடு கிளம்புமுன் கூட்டத்தில் பேசி எழுதிக்கொள்வது நல்லது.

பொருளைப் பயணத்துக்குத் தயார் செய்தல்

பகிர்ந்து செல்லும் லாரியில் நம் சரக்குக்குப் பக்கத்தில் எது வரும் என்று சொல்ல முடியாது. சோப்பு, ஊதுவத்தி, பெயின்ட், ரப்பர், பூச்சிமருந்து எதுவும் இருக்கலாம். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், மாவு, தேயிலை ஆகியவை அயல் மணத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். ஊதுவத்தி மணம் ஏறிய கம்பு மாவை யார் வாங்குவார்கள்? புக்கிங் செய்யும்போதே இது உணவுப் பொருள் என்று சொல்லி, ரசீதிலும் அவ்வாறு எழுதச் செய்ய வேண்டும். பூச்சிமருந்துடன் ஒன்றாக ஏற்றக்கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பொட்டலத்தின் வாயை வெப்பத்தால் ஒட்டி, பெட்டிக்குள் கனமான பாலிதீன் உறை விரித்து, அதன் வாயையும் கட்டிவிட்டால் மணம் ஏறுவதையும் ஈரம் புகுவதையும் பெருமளவு தடுக்கலாம்.

ஈரப்பதத்தில் கவனம் தேவை. மஞ்சள் தூளில் ஈரம் 10 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புத் தர விதி. சிறுதானியங்களை 12 சதவீதத்துக்குக் குறைவாகக் காயவைத்த பிறகே அரைக்கவும் கட்டவும் வேண்டும். ஈரம் மிகுந்த மாவு, லாரியின் வெப்பத்திலும் கிடங்கின் இருட்டிலும் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். சிவப்பு மாவு வண்டு, அரிசி அந்துப் பூச்சி ஆகியவையும் அங்கேதான் பெருகும். பூச்சியின் முட்டை நம் வீட்டிலேயே மாவில் கலந்திருந்து, சில வாரங்கள் கழித்து வாங்குபவர் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வண்டாக வெளிவருவதும் உண்டு. எனவே அரைவை இயந்திரம், சல்லடை, சாக்கு ஆகியவற்றில் பழைய மாவு தங்காமல் சுத்தம் செய்த பிறகே புதிய மாவை அரைக்க வேண்டும்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி ஆகியவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசியும் தன்மை உடையவை. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இவற்றைக் காற்றுப் புகாத உறையில் அடைத்தே அனுப்ப வேண்டும். எண்ணெய்ப் புட்டிகளின் மூடிக்குள் தக்கை போட்டு ஒட்டி, புட்டிகளை நிமிர்த்தி வைத்து, இடையே அட்டைத் தடுப்பு வைக்க வேண்டும். எண்ணெயையும் மாவையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. ஒரு புட்டி கசிந்தால் பெட்டி முழுவதும் வீணாகும். அடுத்தவர் சரக்கைக் கெடுத்த பொல்லாப்பும் சேரும்.

பெட்டி குறைந்தது ஐந்தடுக்கு நெளி அட்டையில் செய்ததாக இருக்க வேண்டும். மளிகைக் கடையில் வாங்கிய பழைய பெட்டியைப் பயன்படுத்துவது வீண் சிக்கனம். ஒருமுறை நசுங்கிய அட்டைக்கு வலு இல்லை. ஈரம் ஏறிய அட்டை மேலே வரும் பாரத்தைத் தாங்காது. உள்ளே இடைவெளி இருந்தால் காகிதத்தை உருட்டி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மேலே பெட்டி ஏறியதும் அந்த இடத்தில் நசுங்கும். நடு மூட்டிலும் இரண்டு ஓரங்களிலும் அகல நாடாவால் ஒட்ட வேண்டும். குழுவின் பெயர் அச்சிட்ட நாடாவாக இருந்தால், வழியில் யாராவது பிரித்து மீண்டும் ஒட்டினால் உடனே தெரியும்.

ஒருவர் தனியாகத் தூக்கக்கூடிய எடையில் பெட்டி இருக்க வேண்டும். கனமான பெட்டியைத் தூக்க முடியாமல் கீழே போடுவார்கள், அல்லது புரட்டிக்கொண்டு போவார்கள். கிடங்குகளும் பெட்டிக்கு இவ்வளவு எடைதான் இருக்கலாம் என்று வரம்பு வைத்துள்ளன. அதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேண்டிய தாள்கள்

கிடங்கில் இருக்கும் சரக்கு, விற்பனையாகும் வரை நம்முடையதே. ஆகவே ஜி.எஸ்.டி. பதிவு உள்ள குழு, அந்தக் கிடங்கின் முகவரியைத் தன் பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும். அதன் பிறகு தமிழ்நாட்டுக்குள் இருக்கும் கிடங்குக்குச் சரக்கை டெலிவரி சலான் போட்டு அனுப்பலாம். இது இடமாற்றம், விற்பனை அல்ல.

கிடங்கு வெளி மாநிலத்தில் இருந்தால் அந்த மாநிலத்திலும் தனியாக ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். சரக்கு அங்கே போகும்போதே அதற்கு வரியும் கணக்கிட வேண்டும். ஓசூர்ப் பக்கத்து விவசாயிக்குப் பெங்களூரு கிடங்கு கைக்கெட்டும் தூரமாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முதன் முதலில் தொடங்குபவர்கள் நம் மாநிலத்துக்குள் உள்ள கிடங்கிலிருந்து தொடங்குவதே நல்லது. வரி விலக்கு வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர்கள், தம் மாநிலத்துக்குள் மட்டும் ஆன்லைனில் விற்பதாக இருந்தால், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே பான் எண்ணைக் கொண்டு சேர்க்கை எண் பெற்று விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி செய்யப்பட்டுள்ளது. இப்படிப்பட்டவரின் சரக்கைக் கிடங்கில் வைப்பார்களா என்பதை அந்த விற்பனை நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது இ-வே பில். வரி உள்ள சரக்கின் மதிப்பு, மாநிலம் விட்டு மாநிலம் செல்லும்போது ரூ.50,000-க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் செல்லும்போது ரூ.1 லட்சத்துக்கு மேலும் இருந்தால் இது கட்டாயம். நம் உதாரணத்தில் 600 கிலோ மஞ்சள் தூள் கிலோ ரூ.200 வீதம் ரூ.1,20,000 ஆவதால் இ-வே பில் வேண்டும். முதல் பகுதியில் சரக்கு விவரத்தை அனுப்புபவர் நிரப்ப வேண்டும். இரண்டாம் பகுதியில் வண்டி எண்ணைப் பார்சல் நிறுவனம் நிரப்பும். ஷெட்டில் வண்டி மாறும்போதெல்லாம் அவர்களே எண்ணை மாற்றிப் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் செல்லும். பார்சல் லாரி ஷெட்டில் காத்திருப்பதால் கெடு தாண்டிவிடக்கூடும். கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் அதை நீட்டிக்க இடம் உண்டு. ஆகவே சரக்கு எங்கே இருக்கிறது என்பதைத் தினமும் விசாரிக்க வேண்டும்.

விளைபொருள், அரிசி, பருப்பு, மாவு உள்ளிட்ட உணவு தானியங்கள் ஆகியவற்றை லாரியில் அனுப்பும் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. மஞ்சள் தூள், கடலை மிட்டாய் போன்ற பதப்படுத்திய பண்டங்களுக்கு இந்த விலக்கு இல்லை. இவ்விரண்டையும் ஒரே ரசீதில் கலந்து எழுதாமல், தனித்தனியாக எழுதச் செய்வது நல்லது.

சரக்கு சேதமானால் எவ்வளவு கிடைக்கும்?

இதுதான் விவசாயிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி. லாரி எரிந்துவிட்டது, அல்லது பெட்டிகள் காணாமற் போய்விட்டன என்றால், சரக்கின் முழு மதிப்பும் கிடைத்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

1865-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2011 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. அதன் விதிகளின்படி, சரக்கின் மதிப்பைச் சொல்லிக் கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்த ஒப்புக்கொள்ளாவிட்டால், பார்சல் நிறுவனத்தின் பொறுப்பு நாம் செலுத்தும் லாரிக் கட்டணத்தைப் போல் 10 மடங்குக்கு மேல் போகாது.

நம் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். சரக்கின் மதிப்பு ரூ.1,20,000. கட்டணம் ரூ.4,200. முழுச் சரக்கும் அழிந்தால் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் ரூ.42,000. மீதி ரூ.78,000 பன்னிரண்டு குடும்பங்களின் தலையில் விழும், குடும்பத்துக்கு ரூ.6,500. விலை அதிகமாகவும் எடை குறைவாகவும் உள்ள சரக்குக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ரூ.30,000 மதிப்புள்ள மிளகை ரூ.500 கட்டணத்தில் அனுப்பினால், கிடைக்கக்கூடியது ரூ.5,000-தான்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, புக்கிங் செய்யும்போது மதிப்பை எழுதி, கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்தி, அதை ரசீதில் குறிக்கச் செய்வது. மற்றொன்று, காப்பீட்டு நிறுவனத்திடம் வழிச் சரக்குக் காப்பீடு எடுப்பது. அடிக்கடி அனுப்பும் குழுவுக்கு, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரே பாலிசியாக எடுப்பது வசதி. ரசீதில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

லாரி ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். சரக்கு இத்தனை பெட்டி, இத்தனை எடை என்று ஒப்படைத்ததற்கு அதுவே சாட்சி. ‘பெட்டி 30’ என்று எண்ணிக்கை தெளிவாக இருக்கட்டும். ‘ஒரு லாட்’ என்று எழுதினால் பிறகு வாதாட முடியாது. ஏற்றுமுன் எல்லாப் பெட்டிகளையும் எண் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சேதமோ குறைவோ தெரிந்ததும் பார்சல் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் இந்த நோட்டீஸ் தராவிட்டால் வழக்குப் போடும் உரிமை போய்விடும். வாயால் சொன்னதும் போனில் பேசியதும் நோட்டீஸ் ஆகாது.

கிடங்கு வாசலில்

கிடங்கில் நினைத்த நேரத்தில் சரக்கை இறக்க முடியாது. முன்கூட்டியே நாளும் நேரமும் வாங்க வேண்டும். அந்த எண்ணைப் பார்சல் நிறுவனத்துக்குக் கொடுத்து, ரசீதிலும் எழுதச் செய்ய வேண்டும். நேரம் வாங்காமல் போன வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காத்திருப்புக் கட்டணமும் மறுமுறை கொண்டுபோகும் கட்டணமும் நம் மேல் விழும். பார்சல் லாரி ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதால், ஓரிரு நாள் தள்ளியே நேரம் வாங்குவது நல்லது. ஆன்லைன் கிடங்கில் இறக்கிப் பழகிய பார்சல் நிறுவனமா என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் மேல் ஒட்டும் பட்டைக் குறியீட்டுச் சீட்டு கிழியாமல், நாடாவின் அடியில் மறையாமல், பெட்டியின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் எடை, விலை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். முன்பே சொன்ன எண்ணிக்கையும் பெட்டிக்குள் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். காலாவதிக்கு இத்தனை நாள் மீதி இருந்தால்தான் ஏற்போம் என்ற நிபந்தனையும் கிடங்குகளுக்கு உண்டு.

ஏற்க மறுத்துவிட்டால் என்ன ஆகும்? கிலோவுக்கு ரூ.30 லாபம் என்று வைத்துக்கொண்டால் 600 கிலோவில் லாபம் ரூ.18,000. போக ரூ.4,200, திரும்ப ரூ.4,200 என்றால் ரூ.8,400 வீணாகிறது. ஒரு சீட்டைச் சரியாக ஒட்டாததால், லாபத்தில் பாதியை நெருங்கி இழக்க நேருகிறது. மறுக்கப்பட்ட சரக்கு பார்சல் ஷெட்டிலேயே கிடந்தால் அதற்கு வாடகையும் ஏறும். அறிவிப்பு வந்து 30 நாட்களுக்குள் எடுக்காவிட்டால், அதை உரிமை கோராத சரக்காகக் கருதச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கெட்டுப்போகும் பண்டமாக இருந்தால் கெடு 24 மணி நேரம்தான்.

எப்போது, எவ்வளவு அனுப்புவது?

ஒரே தடவையில் நிறைய அனுப்பினால் கிலோவுக்கு லாரிச் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் விற்காமல் தங்கும் சரக்குக்குக் கிடங்கு வாடகை ஏறும், காலாவதியும் நெருங்கும். மரச்செக்கு எண்ணெயும் கம்பு மாவும் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே முதல் முறை குறைவாக அனுப்பி, வாரத்துக்கு எவ்வளவு விற்கிறது என்று பார்த்து, நான்கைந்து வாரங்களில் விற்றுத் தீரும் அளவை மட்டும் அடுத்த முறை அனுப்ப வேண்டும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்பு பார்சல் ஷெட்டுகளில் சரக்கு குவியும். கிடங்குகளில் நேரம் கிடைப்பதும் அரிது. பண்டிகை விற்பனைக்கான சரக்கை மூன்று, நான்கு வாரங்கள் முன்பே அனுப்பிவிட வேண்டும். ஊரே விதைக்கும் நாளில் ஏருக்கு ஆள் தேடுவதைப் போல, கடைசி வாரத்தில் லாரி தேடக்கூடாது.

சுருக்கமாக

1. தனியாகக் குறைந்த சரக்கு என்றால் கூரியர். குழுவாகச் சேர்ந்தால் பார்சல் லாரி. லோடு நிறைந்தால் தனி வண்டி.

2. கிலோக் கட்டணத்துடன் கன அடிக் கணக்கு, எடுக்கும் கூலி, சேர்க்கும் கூலி ஆகியவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

3. செலவைக் கட்டண எடைப்படி பிரியுங்கள். பெட்டிக்கு எண் போடுங்கள்.

4. ஈரம், மணம், பூச்சி, கசிவு ஆகிய நான்குக்கும் பொட்டலத்திலேயே காப்புச் செய்யுங்கள்.

5. டெலிவரி சலான், இ-வே பில், லாரி ரசீது, கிடங்கு நேரம் ஆகியவை கைக்கு வந்த பிறகே சரக்கை ஏற்றுங்கள்.

6. இடர்க் கட்டணமோ காப்பீடோ இல்லாமல் விலை உயர்ந்த சரக்கை அனுப்பாதீர்கள். நஷ்டம் என்றால் 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுங்கள்.

விளைவிப்பதில் நம் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விளைந்ததைப் பக்குவப்படுத்தி விற்கவும் பலர் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இடையில் இருக்கும் இந்த லாரிப் பயணத்தையும் கணக்குப் பார்த்துச் செய்தால், மஞ்சளின் விலை வழியிலேயே கரைந்து போகாமல் விளைவித்தவர் கைக்கே வந்து சேரும். அடுத்த அறுவடைக்குள் பத்துப் பேர் ஒன்றாகக் கூடி, தங்கள் ஊர் பார்சல் ஷெட்டில் கட்டணம் விசாரித்து, மேலே சொன்ன கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.